பழைய கல்யாண கேசட்டும் புது டிவியும்: சில குறிப்புகள்

போன வருஷம் பொங்கலுக்கு அக்கா குடும்பத்தோடு சென்னை வந்திருந்தாள். ஹாலில் அப்போதுதான் 55 அங்குல டிவி மாட்டியிருந்தேன். "என் கல்யாண வீடியோவை இதுல போடேன், பிள்ளைங்க பாக்கட்டும்" என்றாள். அவள் கல்யாணம் 1994ல், பாளையங்கோட்டையில். அந்தக் கேசட்டை இரண்டு வருஷம் முன்பே ஒரு கடையில் கொடுத்து, பென் டிரைவில் வாங்கி வைத்திருந்தேன். பெருமையாகப் போட்டேன்.

ஒல்லியாக இருந்த அத்தான் திடீரென்று குண்டாகியிருந்தார். யார் நடந்தாலும் உடம்பின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள். தாலி கட்டும் இடத்தில் படம் விட்டு விட்டு ஓடியது. சத்தம் முழுக்க சினிமாப் பாட்டு. பத்து நிமிஷத்தில் பிள்ளைகள் செல்போனுக்குப் போய்விட்டார்கள். அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள். அப்பா யாரிடமோ பேசுகிற காட்சி வந்ததும், "வாய் மட்டும் அசையுது. அன்னைக்கே பாட்டு போடாம விட்டிருக்கலாம்" என்றாள்.

அப்பா 2001ல் இறந்துவிட்டார். செல்போன் கேமராவுக்கு முந்தைய மனிதர். அவர் குரல் எங்கேயும் பதிவாகி இருப்பதாக எங்களுக்குத் தெரியாது.

அன்று இரவு அந்தக் கேசட்டைத் தேடினேன். பழைய பேப்பர்காரருக்குப் போட எடுத்து வைத்திருந்த அட்டைப் பெட்டியில் கிடந்தது. "அதான் ஃபைல் இருக்கே, கேசட் எதுக்கு" என்று நானேதான் போட்டு வைத்திருந்தேன். அடுத்த நான்கு மாசம் வார இறுதிகளில் இந்தக் கேசட்டோடு மல்லுக்கட்டியதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரே வரியில் சொன்னால்: கேசட்டில் இருப்பது வேறு, அதிலிருந்து நாம் எடுத்து வைத்திருப்பது வேறு. எடுக்கும் விதத்தைப் பொறுத்து நிறைய வரும், அல்லது நிறையப் போய்விடும்.

டேப்புக்குள் என்ன இருக்கிறது?

வி.எச்.எஸ். கேசட்டை ஜே.வி.சி. நிறுவனம் ஜப்பானில் 1976ல் கொண்டுவந்தது. உள்ளே இருப்பது அரை அங்குல அகல பிளாஸ்டிக் நாடா, அதன் மேல் காந்தத் துகள் பூச்சு. நம் ஊர் பால் முறையில் இந்த நாடா நொடிக்கு 2.3 சென்டிமீட்டர்தான் நகரும். பாட்டு கேசட்டின் டேப் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் போகும். அதாவது பாட்டு கேசட்டில் பாதி வேகம்தான். இவ்வளவு மெதுவாகப் போகிற நாடாவில் வீடியோவை எப்படிப் பதிய முடியும்?

முடியாது. அதனால்தான் நாடாவுக்குப் பதிலாக ஹெட்டைச் சுழற்றினார்கள். டெக்கின் உள்ளே சாய்வாக ஒரு உருளை இருக்கும். அது நொடிக்கு 25 தடவை சுற்றும். அதில் எதிரெதிராக இரண்டு ஹெட். நாடா அந்த உருளையைச் சுற்றி வளைந்து போகும்போது ஒவ்வொரு ஹெட்டும் நாடாவின் குறுக்கே ஒரு சாய்கோடு இழுக்கும். ஒரு கோட்டின் நீளம் கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர். அகலம் 49 மைக்ரோமீட்டர், நம் தலைமுடியைவிட மெல்லியது. திரும்பப் போட்டுப் பார்க்கும்போது ஹெட் அதே கோட்டின் மேல் சரியாக ஓட வேண்டும். அந்தக் காலத்தில் டெக் வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்தவர்களுக்கு 'டிராக்கிங்' குமிழ் ஞாபகம் இருக்கும். திருகித் திருகி வெள்ளைக் கோட்டை விரட்டுவோமே, அது இந்த விஷயத்துக்காகத்தான்.

நொடிக்கு 25 சுற்று, சுற்றுக்கு இரண்டு கோடு, ஆக நொடிக்கு 50 கோடு. ஒவ்வொரு கோடும் ஒரு 'ஃபீல்டு'. ஒரு ஃபீல்டில் படத்தின் ஒற்றைப்படை வரிகள் மட்டும் இருக்கும், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள். இரண்டும் சேர்ந்தால் ஒரு முழு ஃபிரேம். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் எடுத்தவை அல்ல, 1/50 நொடி வித்தியாசம் உண்டு. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

கடையில் என்ன தப்பு நடந்தது?

முதலில் அத்தானின் எடை. பழைய டிவியின் அகல உயர விகிதம் 4:3. இப்போதைய டிவி 16:9. கடைக்காரர் "டிவி ஃபுல்லா வரும் சார்" என்று இழுத்துப் பரப்பிவிட்டார். அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடும், எல்லாரும் குண்டாவார்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் அது குறை இல்லை. அந்தப் படம் அவ்வளவுதான்.

அடுத்தது சீப்புப் பல். பழைய குண்டு டிவி ஃபீல்டுகளை வந்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வரைந்தது, அதனால் பிரச்சினை தெரியவில்லை. எல்.இ.டி. டிவி எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் காட்டும். 1/50 நொடி இடைவெளியில் எடுத்த இரண்டு பாதிகளை அப்படியே பின்னிக் காட்டினால், அசையும் கை இரண்டு இடத்தில் இருக்கும். அதுதான் அந்தப் பல். இதைத் தவிர்க்க சிலர் ஒரு பாதியைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பல் போய்விடும், ஆனால் 50 கணங்களில் 25 காணாமல் போகும். அசைவு வெட்டி வெட்டித் தெரியும். எனக்குக் கிடைத்த கோப்பில் இரண்டு கோளாறும் மாறி மாறி இருந்தன.

மூன்றாவது அளவு. மூன்று மணி நேர கேசட் 700 எம்.பி.க்குள் அடக்கப்பட்டிருந்தது. பழைய டேப்பில் புள்ளி புள்ளியாக இரைச்சல் அதிகம். குறைந்த அளவில் சுருக்கும்போது மென்பொருள் அந்த இரைச்சலோடு மல்லுக்கட்டி, முகங்களைக் கட்டம் கட்டமாக்கிவிடும்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நான் கேட்டது "டிவில பாக்கணும்", கொடுத்தது சில நூறு ரூபாய். அதற்கு என்ன கிடைக்குமோ அது கிடைத்தது.

நான் செய்த முறை

முதலில் கேசட்டைப் பார்த்தேன். கேசட்டின் ஜன்னல் வழியே ரீலின் ஓரத்தில் வெள்ளைத் தூள் மாதிரி தெரிந்தால் அது பூசணம். நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இது சர்வசாதாரணம். பூசணம் பிடித்த கேசட்டை டெக்கில் போடவே கூடாது. ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும். எங்கள் வீட்டில் இருந்த ஆறில் ஒன்று அப்படி இருந்தது. அதைத் தனியாக உறையில் போட்டு, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க எடுத்து வைத்துவிட்டேன். கல்யாணக் கேசட் தப்பித்திருந்தது.

அடுத்து டெக். இதுதான் இன்றைக்கு மிகப் பெரிய சிக்கல். கடைசிவரை வி.சி.ஆர். தயாரித்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. புது டெக் உலகத்தில் எங்கேயும் செய்யப்படுவதில்லை. ரிச்சி தெருவில் இரண்டு சனிக்கிழமை அலைந்தேன். கடைசியில் நண்பர் ஒருவரின் மாமனார் வீட்டுப் பரணிலிருந்து ஒன்று கிடைத்தது. முகப்பில் 'ஹை-ஃபை' என்று எழுதியிருந்தது. அதன் அர்த்தம் எனக்கு அப்போது முழுசாகத் தெரியாது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல் மூடியைத் திறந்தேன். பவர் சப்ளை பக்கம் கை கொண்டுபோகாதீர்கள், அணைத்த பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். நூல் பிரியாத மெல்லிய தோல் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்து உருளையில் லேசாகப் பிடித்துக்கொண்டு, உருளையைக் கையால் பக்கவாட்டில் சுற்றினேன். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட்டின் முனை உடைந்துவிடும். பஞ்சு வைத்த குச்சியும் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு, முதலில் போனால் போகட்டும் என்கிற ஒரு சினிமா கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். டேப்பைக் கடிக்கவில்லை என்று உறுதியான பிறகுதான் கல்யாணக் கேசட். அதையும் முதலில் கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றினேன். வருஷக்கணக்கில் அசையாமல் இருந்த நாடா அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும், இழுவையும் சீராக இருக்காது.

மூன்றாவது, கம்ப்யூட்டருக்குள் கொண்டுவருவது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை கேபிளை எச்.டி.எம்.ஐ. ஆக்கும் சின்ன டப்பா ஆன்லைனில் கிடைக்கிறது. அதை வாங்காதீர்கள். அது நமக்காகவே படத்தை 16:9க்கு இழுத்து, ஃபீல்டுகளைக் குழப்பி, 50ஐ 60 ஆக்கிக் கொடுத்துவிடும். பிறகு எதையும் சரிசெய்ய முடியாது. ஃபீல்டுகளை அப்படியே தருகிற யு.எஸ்.பி. கேப்சர் கருவிதான் வேண்டும். படத்தை 720×576, நொடிக்கு 25 ஃபிரேம், இரண்டு ஃபீல்டும் பின்னியபடியே எடுத்தேன். சீப்புப் பல்லோடுதான். அசல் அப்படித்தான் இருக்கிறது, சரிசெய்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே இன்னொரு தொல்லை. பழைய டேப்பில் ஒவ்வொரு வரியும் சரியான நேரத்தில் தொடங்காது, கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். குண்டு டிவி அதை அனுசரித்துக்கொண்டது. கேப்சர் கருவி கடிகாரம் பார்த்து வேலை செய்வது, அனுசரிக்காது. விளைவு, மணமேடைத் தூண் பாம்பு மாதிரி நெளியும். இதைத் திருத்தும் கருவிக்கு 'டைம் பேஸ் கரெக்டர்' என்று பெயர். தனியாக வாங்கினால் விலை அதிகம். பழைய டிவிடி ரெக்கார்டர் சிலவற்றின் உள்ளே இந்த வேலையைச் செய்யும் சர்க்யூட் இருக்கிறது. டெக்குக்கும் கேப்சர் கருவிக்கும் நடுவில் சும்மா மாட்டினாலே போதும், தூண் நிமிர்ந்துவிடும். நான் அப்படித்தான் செய்தேன்.

சுருக்காமல் எடுத்தால் நொடிக்கு சுமார் 20.7 எம்.பி., மணிக்கு 75 ஜி.பி. ஆகும். எஃப்.எஃப்.வி.1 என்று ஒரு முறை இருக்கிறது. ஒரு புள்ளிகூட இழக்காமல் சுருக்கும், ஆவணக்காப்பகங்கள் பயன்படுத்துவது. எனக்கு அதில் மணிக்கு 30 ஜி.பி. போல வந்தது. மூன்று மணி நேர கேசட்டுக்கு 90 ஜி.பி. பயந்துவிடாதீர்கள், இன்றைய ஹார்டு டிஸ்க் விலையில் இது பெரிய செலவில்லை. நேரம்தான் செலவு. மூன்று மணி நேர கேசட்டை எடுக்க மூன்று மணி நேரம் ஆகும், குறுக்கு வழி கிடையாது.

எதிர்பாராதது

முதல் தடவை ஓட்டியபோது ஹெட்போனில் பாட்டு வரவில்லை. கூட்டத்தின் இரைச்சல், நாதஸ்வரம், யாரோ குழந்தை அழுகை. கேபிள் ஏதோ மாறிவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்புறம் பந்தி காட்சி வந்தது. அப்பா கேமராவுக்கு முதுகு காட்டிக்கொண்டு, "ஏலே, இலை பத்துமான்னு பாருல. இன்னும் ரெண்டு பந்தி இருக்கு" என்றார்.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

நடந்தது என்ன என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். வி.எச்.எஸ். டேப்பில் சத்தம் இரண்டு இடத்தில் இருக்க முடியும். ஒன்று, நாடாவின் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் நேராக ஓடும் தடம். எல்லா டெக்கும் இதைப் படிக்கும். இன்னொன்று, பின்னாளில் சேர்த்த ஹை-ஃபை. அது சுழலும் உருளையிலேயே தனி ஹெட் வைத்து, நாடாவின் பூச்சில் ஆழமாகச் சத்தத்தைப் பதிந்து, அதன் மேலேயே ஆழம் குறைவாகப் படத்தைப் பதியும். படமும் சத்தமும் ஒரே இடத்தில் மேலும் கீழுமாக இருக்கும். ஹை-ஃபை சத்தத்தை மட்டும் அழித்து மாற்ற முடியாது, அழித்தால் படமும் போய்விடும்.

அந்தக் கல்யாணத்தை எடுத்தது துபாயிலிருந்து வந்த சித்தப்பா, அங்கே வாங்கிய கேமராவில். அது ஹை-ஃபை கேமரா. ஊரில் ஒரு வீடியோ கடையில் கொடுத்து அதே கேசட்டில் 'ஆடியோ டப்' போட்டுப் பாட்டு சேர்த்தார்கள். அந்தப் பொத்தான் ஓரத் தடத்தை மட்டும்தான் அழித்து எழுதும். அடியில் இருந்த ஹை-ஃபை அப்படியே இருந்தது. எங்கள் வீட்டு டெக்கும் சரி, பென் டிரைவ் போட்டுக் கொடுத்த கடையின் டெக்கும் சரி, ஓரத் தடத்தை மட்டும் படிக்கும் சாதாரண டெக். இத்தனை வருஷமும் அப்பா அந்த நாடாவில் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார், கேட்பதற்கு எங்களிடம் ஹெட் இல்லை.

எல்லா கேசட்டிலும் இப்படிக் கிடைக்கும் என்று ஆசைகாட்ட மாட்டேன். பெரும்பாலான கல்யாணக் கேசட், ஸ்டூடியோவில் வேறு டேப்புக்கு மாற்றி எடிட் செய்த நகல். அதில் பழைய சத்தம் இருக்காது. ஆனால் அசல் கேசட் யார் வீட்டிலாவது இருந்தால், ஹை-ஃபை டெக்கில் ஒரு தடவை போட்டுப் பார்க்காமல் தூக்கிப் போடாதீர்கள். டெக்கின் மெனுவில் ஹை-ஃபை, நார்மல் என்று இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

டிவிக்கு ஏற்ற நகல்

மாஸ்டர் கோப்பு பெட்டகத்துக்கு. டிவிக்குத் தனியாக ஒரு நகல் செய்ய வேண்டும். எஃப்.எஃப்.எம்.பெக் என்ற இலவச மென்பொருளே போதும். அதில் இருக்கும் பி.டபிள்யூ.டிஃப் என்ற வடிகட்டி ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழு ஃபிரேமாக வளர்க்கும். நொடிக்கு 50 ஃபிரேம் கிடைக்கும். பல்லும் இல்லை, வெட்டலும் இல்லை, தாலி கட்டும்போது கை சரளமாக அசைகிறது. பிறகு அளவை 1440×1080 ஆக்கினேன். அது சரியாக 4:3. 720×576ன் புள்ளிகள் சதுரமானவை அல்ல. சில டிவி அந்தக் குறிப்பைக் கவனிக்காமல் படத்தைக் கோணலாக்கிவிடும். 1440×1080ல் அந்தப் பிரச்சினை இல்லை. எச்.264ல் சுருக்கியதும் யு.எஸ்.பி.யில் டிவி ஒழுங்காக ஓட்டியது.

இரண்டாவது தடவை கேசட்டை நார்மல் ஒலியில் ஓட்டிப் பாட்டையும் எடுத்தேன், அக்காவுக்கு அதுவும் வேண்டும். இரண்டையும் நேரம் பார்த்துப் பொருத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. ஒரே எம்.கே.வி. கோப்பில் இரண்டு ஒலித்தடம். ரிமோட்டில் ஆடியோவை மாற்றினால் பாட்டு, மாற்றினால் பேச்சு.

ஒரு எச்சரிக்கை. செயற்கை நுண்ணறிவு வைத்து 4கே ஆக்கும் மென்பொருளையும் முயன்று பார்த்தேன். ஆச்சியின் முகம் பளிச்சென்று வந்தது. ஆனால் அது ஆச்சி இல்லை. 4கே திரையில் சுமார் 83 லட்சம் புள்ளி, நம் படத்தில் 4 லட்சத்துச் சொச்சம். ஒரு புள்ளிக்கு இருபது புள்ளி வேண்டும் என்றால், மிச்சத்தை அது தன் கற்பனையில் வரைகிறது. கொஞ்சம் மங்கலான ஆச்சியே போதும் என்று விட்டுவிட்டேன். டிவியின் ஷார்ப்னஸைக் குறைத்து, இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் நன்றாகவே இருக்கிறது.

இதைத் தள்ளிப்போட நேரம் இல்லை. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட ஒலி ஆவணக்காப்பகம் 2015லேயே 'டெட்லைன் 2025' என்று எச்சரித்தது. 2019ல் யுனெஸ்கோவும் சர்வதேச ஒலி, ஒளி ஆவணக்காப்பகச் சங்கமும் சேர்ந்து இதே அபாய மணியை அடித்தன. டேப் கெடுவதைவிட வேகமாக அதைப் படிக்கும் டெக்குகளும், அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துவருகிறார்கள். நாம் அந்தத் தேதியைத் தாண்டிவிட்டோம்.

மாஸ்டர் கோப்பு இப்போது என்னிடம் ஒரு டிஸ்க்கிலும், திருநெல்வேலியில் அக்கா வீட்டில் ஒரு டிஸ்க்கிலும் இருக்கிறது. கேசட் உறை போட்டு பீரோவில், நட்டமாக நிறுத்தி வைத்திருக்கிறேன். பேப்பர்காரர் பெட்டிக்கு இனிப் போகாது.

அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். இலை பத்துமா என்ற இடம் வந்தது. ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, "அன்னைக்கு இலை பத்தல. பக்கத்து வீட்டுல போய் அறுத்துட்டு வந்தாங்க" என்றாள். அப்புறம், "திரும்பப் போடு" என்றாள்.